மறுகுடியமர்வுக் குடியிருப்பில் ஊழியத் தலைவர்களை எங்கே வைத்துப் பயிற்றுவிப்பது?

கேள்வி: சென்னை பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் ஒரு சிறிய சபையை நடத்தி வருகிறேன். வீட்டு வேலைக்குச் செல்லும் ஒரு சகோதரியும், உணவு டெலிவரி செய்யும் ஒரு தம்பியும் ஜெபக்குழுக்களை நன்றாக நடத்துகிறார்கள். இவர்களை மூன்றாண்டு வேதாகமக் கல்லூரிக்கு அனுப்பலாமா, இங்கேயே பயிற்றுவிக்கலாமா?

பதில்: போதகர் ஐயா, இருவரையும் இப்போது அனுப்ப வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நகரத்தின் பல பகுதிகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு, எட்டு மாடி அடுக்ககங்களில் முன்பின் அறியாதவர்களோடு குடியமர்த்தப்பட்ட மக்களிடையே ஒருவர்மேல் நம்பிக்கை ஏற்படுவதே அரிது. அந்த நம்பிக்கையை ஏற்கெனவே பெற்றுவிட்ட இருவரை மூன்றாண்டுகள் வெளியே அனுப்பினால், சபை தலைவர்களை இழக்கும். அவர்களுடைய வீடுகள் வருமானத்தை இழக்கும்.

இந்தச் சிக்கலைக் குவாத்தமாலாவின் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி 1960களிலேயே சந்தித்தது. தலைநகரில் படித்தவர்களில் பலர் கிராமச் சபைகளுக்குத் திரும்பாததைக் கண்ட ஆசிரியர்கள், 1963 முதல் மாணவர்கள் வாழ்ந்த இடங்களுக்குத் தாங்களே சென்று கற்பிக்கத் தொடங்கினார்கள். விரிவாக்க இறையியல் கல்வி என்னும் அந்த முறையை நம் நாட்டில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட டாஃப்டீ (TAFTEE) என்னும் அமைப்பு நடத்தி வருகிறது. அதன் பாடங்களில் உங்களுக்கு ஏற்றவை எவை என்று கேட்டறியுங்கள்.

வகுப்பு நேரத்தை அவர்களுடைய வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டெலிவரி வேலையில் மதியமும் இரவும் ஓய்வு இராது. சகோதரியோ விடியுமுன் பேருந்து ஏறுபவராக இருப்பார். ஆகவே வார நாள்களில் இரண்டு பிற்பகல்கள், மூன்றரை மணி முதல் ஐந்து மணி வரை, பொருத்தமாக அமையலாம்.

பாடத்தை வேதத்திலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் ஒருங்கே எடுங்கள். நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தில், தானியத்துக்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்த ஜனங்கள் முறையிடுகிறார்கள்; நூற்றுக்கு ஒன்று என்று வாங்கிய வட்டியைத் திருப்பிக் கொடுக்கும்படி நெகேமியா பிரபுக்களிடமும் அதிகாரிகளிடமும் கேட்கிறார். அதை வாசித்த பிறகு தண்டல் கடனைத் தாளில் எழுதிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பத்தாயிரம் என்று பேசி, 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் வசூலித்தால், அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், உண்மையான வட்டி மாதத்துக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் ஆகிறது. இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தவர், கடனில் தவிக்கும் வீட்டுக்குப் போனால் ஜெபித்துவிட்டு மட்டும் எழுந்து வரமாட்டார். மிரட்டி வசூலிப்பவர்மீது 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி புகார் கொடுக்க முடியும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

குழந்தைகள் பாதுகாப்பைத் தனிப் பாடமாகவே நடத்துங்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஒரு குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மறைப்பதும் குற்றமே. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஒவ்வொரு ஜெபக்குழுத் தலைவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

சம்பளம் கொடுத்து அவர்களை வேலையிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். பயணச் செலவும் புத்தகச் செலவும் கொடுத்தால் போதும். நன்கொடை நின்றால் நின்றுவிடும் ஊழியத்தை ஏழைகளின் தலையில் கட்டுவது நியாயமன்று. ஆனால் அதிகாரத்தைத் தாராளமாகக் கொடுங்கள்: மாதத்தில் ஒரு ஞாயிறு பிரசங்கம், காணிக்கைக் கணக்கைப் பார்க்கும் உரிமை, சபைக் கமிட்டியில் வாக்கு. சகோதரிக்கும் இவை அனைத்தும் உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே சபையில் அறிவித்துவிடுங்கள்.

இரண்டு ஆண்டுகள் இப்படிக் கழிந்த பிறகு இருவரில் ஒருவர் கல்லூரிப் படிப்பை விரும்பினால், அவருடைய ஜெபக்குழுவை நடத்த இன்னொருவர் ஆயத்தமாகியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அனுப்பலாம்.