அடுப்பில்லாத அறைக்கு எதைக் கொடுப்பது?

கேள்வி: மகளின் பள்ளியில், நிலையான வீடில்லாத குடும்பங்களுக்காக ஃபுட் பேன்ட்ரி (இலவச உணவுப்பொருள் அலமாரி) நடத்துகிறார்கள். எங்கள் தமிழ்ச் சங்கம் 20 பவுண்டு அரிசி மூட்டைகளும் துவரம்பருப்பும் கொடுத்தது. மூன்று மாதமாக அப்படியே கிடக்கின்றன. என்ன தவறு? (வாசகி, டெக்சாஸ்)

பதில்: அந்தக் குடும்பங்களில் பலரிடம் அடுப்பு இல்லை. அமெரிக்காவின் 1987-ஆம் ஆண்டு மெக்கின்னி-வென்டோ சட்டப்படி, காப்பகத்தில் இருப்பவர்களோடு, போக்கிடமின்றி மோட்டலில் தங்கும் பிள்ளைகள், காரில் தூங்கும் பிள்ளைகள், வீட்டை இழந்து உறவினரோடு ஒண்டியிருக்கும் பிள்ளைகள் எல்லோரும் வீடற்றவர்களே. மோட்டலில் மைக்ரோவேவும் சின்ன ஃபிரிட்ஜும் இருந்தால் அதிகம். காரில் எதுவுமில்லை. ஒண்டியிருக்கும் வீட்டில் அடுப்பு உண்டு, ஆனால் அது அடுத்தவர் அடுப்பு; பருப்பு வேகும்வரை அங்கே நிற்கத் தாய்க்குக் கூச்சமாக இருக்கும்.

அதனால் முதலில் பேன்ட்ரிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள்: மோட்டலில் எத்தனை குடும்பம், காரில் எத்தனை, ஒண்டியிருப்பவர் எத்தனை? எண்ணிக்கை போதும்; பெயர் உங்களுக்குத் தெரியவே கூடாது.

இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் காலை, மதிய உணவு இலவசம். பெற்றோர் விண்ணப்பிக்கவும் தேவையில்லை. சனி, ஞாயிறுதான் பசி. மோட்டலில் இருக்கும் ஒரு பிள்ளைக்கான வெள்ளிக்கிழமைப் பை இப்படி இருக்கலாம்: இன்ஸ்டன்ட் ஓட்ஸ் பாக்கெட் 2, ஃபிரிட்ஜ் தேவைப்படாத 8 அவுன்ஸ் பால் 2, 90 விநாடியில் சூடாகும் வெந்த சாதப் பை 1, மைக்ரோவேவ் மக்ரோனி கப் 1, டியூனா பை 1, வளையம் இழுத்துத் திறக்கும் பீன்ஸ் டின் 1, பழக் கப் 2, பிஸ்கட். கூடவே ஒரு ஸ்பூனும் மைக்ரோவேவில் வைக்கக்கூடிய கிண்ணமும். கிண்ணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் பீன்ஸை எதில் சூடாக்குவது? டின்னை அப்படியே மைக்ரோவேவில் வைக்க முடியாதே.

எடையையும் பாருங்கள். 15 அவுன்ஸ் டின் ஒன்று ஏறக்குறைய அரைக் கிலோ. நான்கு போட்டால் இரண்டு கிலோ. ஏழு வயதுப் பிள்ளை புத்தகத்தோடு அதையும் சுமந்து பஸ் ஏற வேண்டும். பை வெளியே தெரியாமல் ஸ்கூல் பேக்குக்குள் அடங்கவேண்டும். வகுப்பு நடுவே கூப்பிட்டுக் கொடுத்தால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வாங்க வராது.

காரில் இருப்பவர்களுக்குச் சூடாக்கத் தேவையில்லாதவை மட்டும்: பிஸ்கட், டியூனா, பழக் கப், பீனட் பட்டர். கடைசியதற்குப் பள்ளியில் அலர்ஜித் தடை இருந்தால் சூரியகாந்தி விதை பட்டர். டெக்சாஸ் வெயிலில் சாக்லேட் வேண்டாம்.

சோப்பு, நாப்கின், டயப்பர் இவற்றை அரசின் ஸ்நாப் உணவு உதவியில் வாங்க முடியாது. பேன்ட்ரியில் இவை இருந்தால் பெரிய உதவி.

கேள்வி: வீட்டில் செய்த எலுமிச்சைச் சாதம் தரலாமா?

பதில்: வேண்டாம். 40 முதல் 140 டிகிரி ஃபாரன்ஹீட் வரையிலான வெப்பத்தில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. சோற்றில் கிருமி வேகமாகப் பெருகும்.

கேள்வி: தேதி கடந்த டின், நசுங்கிய டின்?

பதில்: 'பெஸ்ட் பை' தேதி தரத்துக்கானது, அது கடந்த டின் பெரும்பாலும் கெடுவதில்லை. ஆனாலும் பேன்ட்ரியின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான பால் பவுடர் மட்டும் தேதி கடந்தால் கூடவே கூடாது. விளிம்புத் தையலில் நசுங்கியது, உப்பியது, கசிவது எல்லாம் குப்பைக்கு. உள்ளே பொட்டுலிசம் நஞ்சு உருவாகியிருக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுப்பவரை 1996-ஆம் ஆண்டு பில் எமர்சன் சட்டம் வழக்கிலிருந்து காக்கிறது. அதைச் சொல்லி, நம் வீட்டில் சாப்பிடத் தயங்குவதைத் தள்ளிவிடக் கூடாது.

தீபாவளிக்கு ஒருமுறை குவிப்பதைவிட, பத்துக் குடும்பங்கள் ஆளுக்கொரு பொருளை ஏற்று மாதாமாதம் கொடுங்கள். பிப்ரவரியில் அலமாரி காலியாக இருக்காது. தேங்கிய அரிசியையும் பருப்பையும் அடுப்புள்ள குடும்பங்களுக்கு இரண்டு பவுண்டு பைகளாகப் பிரித்துத் தரலாமா என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். சரி என்றால் சுத்தமான இடத்தில் பிரித்து, பொருளின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள்.