சூயஸ் 1956: ஜெயித்த படை ஏன் திரும்பிப் போனது? சில கேள்விகளும் பதில்களும்

சரக்குக் கப்பலில் வேலை பார்த்த வருடங்களில் சூயஸ் கால்வாயைப் பலமுறை கடந்திருக்கிறேன். முதல் தடவை போனபோது 1956-இல் அங்கே ஒரு போர் நடந்தது என்பதுகூட எனக்குத் தெரியாது. அதன் பிறகு அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துவருகிறேன். வல்லரசுகள் படையை எடுக்கும்போது எங்கே தடுக்கி விழுகின்றன என்பதை இந்தப் போர் அளவுக்கு எனக்குப் புரியவைத்த வேறு போர் இல்லை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருநெல்வேலி): அடிப்படையிலிருந்து சொல்லுங்கள் சார். ஒரு கால்வாய்க்காக ஏன் போர்?

கால்வாய் 1869-இல் திறக்கப்பட்டது. எகிப்து மண்ணில், பெரும்பாலும் எகிப்திய விவசாயிகளைக் கட்டாய வேலைக்குப் பிடித்து வெட்டியது. ஆனால் அதை நடத்திய கம்பெனி பாரிஸில் இருந்தது. 1875-இல் எகிப்தின் பங்குகளை பிரிட்டிஷ் அரசு 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. 1882-இல் படையோடு வந்து உட்கார்ந்தவர்கள், கடைசிச் சிப்பாயைத் திருப்பி அழைத்தது 1956 ஜூனில்தான்.

அடுத்த மாதமே சிக்கல் வந்துவிட்டது. நைல் நதியில் எகிப்து கட்டவிருந்த அஸ்வான் அணைக்குப் பணம் தருவதாகச் சொல்லியிருந்த அமெரிக்கா ஜூலை 19 அன்று பின்வாங்கியது. ஒரே வாரத்தில், ஜூலை 26 அன்று, எகிப்து அதிபர் நாசர் அலெக்சாந்திரியாவில் பொதுக்கூட்டத்தில் பேசினார். கால்வாயை வெட்டிய லெசெப்ஸின் பெயர்தான் ரகசியக் குறிச்சொல். வானொலியில் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் மஹ்மூத் யூனிஸ் என்ற பொறியாளரின் குழுக்கள் கம்பெனி அலுவலகங்களுக்குள் நுழைந்தன. பேச்சு முடிவதற்குள் கால்வாய் கை மாறிவிட்டது. யாருக்கும் அந்தப் பெயர் தப்பிவிடக் கூடாது என்று நாசர் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கேள்வி (வழக்கறிஞர், சேலம்): நாட்டுடைமை ஆக்கியது சட்டப்படி சரியா?

கம்பெனி எகிப்தில் பதிவானது. நாசர் பங்குதாரர்களுக்கு இழப்பீடு தருவதாக அன்றே அறிவித்தார். எந்த நாட்டுக் கப்பலும் போகலாம் என்ற 1888 உடன்படிக்கையை மதிப்பதாகவும் சொன்னார். இஸ்ரேல் கப்பல்களை மட்டும் எகிப்து ஏற்கெனவே தடுத்துவந்தது. அந்த இடத்தில் எகிப்தின் வாதம் பலவீனமானதுதான். மற்றபடி, சட்டத்தைக் காட்டிப் போர் தொடுக்க முடியாது என்பது லண்டனில் இருந்த சட்ட ஆலோசகர்களுக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் வேறு காரணம் தேட வேண்டியதாயிற்று.

கேள்வி (ஓய்வுபெற்ற மாலுமி, தூத்துக்குடி): அண்ணே, பைலட் விஷயத்தைச் சொல்லுங்கள். எகிப்துக்காரர்களால் நடத்த முடியாது என்று சொன்னார்களாமே?

சொன்னார்கள். பைலட் என்றால் இங்கே கப்பலில் ஏறிக் கால்வாய்க்குள் வழிகாட்டுபவர். செப்டம்பர் நடுவில் பெரும்பாலான ஐரோப்பிய பைலட்டுகள் ஒரே நேரத்தில் வேலையை விட்டுப் போனார்கள். கால்வாய் நின்றுபோகும், அதைக் காட்டி உள்ளே புகலாம் என்பது கணக்கு. எகிப்திய பைலட்டுகளும், வேலையை விடாத கிரேக்கர்களும், புதிதாகச் சேர்ந்த பிற நாட்டவர்களும் ராப்பகலாக வேலை பார்த்துக் கப்பல்களை ஓட்டிக்காட்டினார்கள்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. போர்ட் சையதில் பைலட் ஏறுகிறார், இஸ்மாயிலியாவில் இறங்குகிறார், அடுத்தவர் ஏறுகிறார். கப்பலை இயக்கும் மேல்தளத்தில், பிரிட்ஜில், நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். பொறுமையும் பழக்கமும் வேண்டிய வேலைதான். ஐரோப்பியருக்கு மட்டுமே கைவரும் என்று நம்பினார்கள் பாருங்கள், எதிராளியைக் குறைத்து மதிப்பிட்டது அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

கேள்வி (ஆசிரியர், கோயம்புத்தூர்): பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டன என்பது உண்மையா, பிறகு கட்டிய கதையா?

உண்மை. கையெழுத்திட்ட காகிதமே இருக்கிறது. அக்டோபர் 22 முதல் 24 வரை, பாரிஸை ஒட்டிய செவ்ர் என்ற ஊரில் ஒரு வீட்டில் கூடினார்கள். இஸ்ரேலிலிருந்து பிரதமர் பென் குரியன், படைத் தலைவர் மோஷே தயான், பாதுகாப்பு அமைச்சக அதிகாரி ஷிமோன் பெரஸ். பிரான்ஸ் தரப்பில் பிரதமர் கி மோலேயும் அவருடைய அமைச்சர்களும். பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் செல்வின் லாயிட் முதல் நாள் வந்து மனமில்லாமல் பேசிவிட்டுப் போனார். கடைசி நாளில் பாட்ரிக் டீன் என்ற அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

திட்டம் இதுதான். இஸ்ரேல் கால்வாய்க்குக் கிழக்கே எகிப்தின் சினாயில் தாக்கும். கால்வாய்க்கு ஆபத்து என்று சொல்லி பிரிட்டனும் பிரான்ஸும் இரு தரப்புக்கும் கெடு விதிக்கும். எகிப்து மறுக்கும். உடனே ‘சண்டையை விலக்க’ இவர்கள் படை இறக்குவார்கள்.

காகிதத்தில் கையெழுத்து விழுந்தது என்று கேட்டதும் பிரிட்டிஷ் பிரதமர் ஆந்தனி ஈடன் பதறிவிட்டார். பிரதிகளை அழிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று டீனையும் அவரோடு போன இன்னோர் அதிகாரியையும் மறுநாளே பாரிஸுக்குத் திருப்பி அனுப்பினார். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகத்தில் அவர்களை ஓர் அறையில் மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள். வெளியே போகலாம் என்று எழுந்து பார்த்தால் கதவு பூட்டியிருந்ததாம். கடைசியில் வந்த பதில்: முடியாது, இஸ்ரேலியர்கள் தங்கள் பிரதியோடு ஊருக்கே போய்விட்டார்கள். லண்டன் பிரதியை ஈடன் அழித்தார். பென் குரியனின் பிரதி பத்திரமாக இருந்தது. டிசம்பர் 20 அன்று ஈடன் நாடாளுமன்றத்தில் எழுந்து, இஸ்ரேல் தாக்கப்போவது எங்களுக்கு முன்கூட்டியே தெரியாது என்று சொன்னார்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): படைத் திட்டம் சரியில்லையா? ஆறு நாள் தாமதம் ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். பொய்க் காரணம் படையின் காலை எப்படிக் கட்டிப்போட்டது என்று பாருங்கள்.

அக்டோபர் 29 மாலை இஸ்ரேலிய பாராசூட் வீரர்கள் சினாயில் உள்ள மிட்லா கணவாய்க்கு அருகில் குதித்தார்கள். 30-ஆம் தேதி கெடு வந்தது: இரு தரப்பும் கால்வாயிலிருந்து 10 மைல் விலகி நிற்க வேண்டும், 12 மணி நேர அவகாசம். அந்த நேரத்தில் இஸ்ரேலியப் படையில் பெரும்பகுதி கால்வாய்ப் பக்கமே வந்திருக்கவில்லை. ஆக, படையெடுத்து வந்தவன் இன்னும் முன்னேறலாம், தன் மண்ணில் நிற்கிறவன் பின்வாங்க வேண்டும் என்பதுதான் அந்தக் கெடுவின் பொருள். உலகமே சிரித்தது, கோபப்பட்டது.

31-ஆம் தேதி விமானத் தாக்குதல் தொடங்கியது. எகிப்தின் விமானப் படை தரையிலேயே நொறுங்கியது. ஆனால் தரைப்படை வரவில்லை. பெரிய படையிறக்கத்துக்கு ஏற்ற துறைமுகம் அருகில் பிரிட்டன் கையில் இருந்த சைப்ரஸ் தீவில் இல்லை. கப்பல்கள் மால்டாவிலிருந்து வர வேண்டும். அது சுமார் ஆறு நாள் பயணம். இஸ்ரேல் தாக்குவதற்கு முன்பே அவை புறப்பட்டால் குட்டு உடைந்துவிடும். ‘திடீரென்று’ தலையிடுகிறவன் ஒரு வாரம் முன்னால் கிளம்பியிருக்க முடியாதே!

நவம்பர் 5-இல் பாராசூட் படை, 6-இல் கடல் வழியாக மற்றவர்கள் போர்ட் சையதில் இறங்கினார்கள். அதற்குள் சினாயில் சண்டை கிட்டத்தட்ட முடிந்திருந்தது, போர்நிறுத்தத்துக்கு எகிப்தும் இஸ்ரேலும் தலையசைத்துவிட்டன. விலக்கிவிடுவதற்கு அங்கே சண்டையே இல்லை. காப்பாற்ற வந்ததாகச் சொன்ன கால்வாயை, அவர்களின் குண்டுவீச்சு தொடங்கியதுமே எகிப்து நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களையும் படகுகளையும் மூழ்கடித்து அடைத்துவிட்டது.

உள்ளூர நினைத்தது நாசரை வீழ்த்துவது. வெளியே சொன்னது கால்வாயைக் காப்பது. நாசரை வீழ்த்த வேண்டுமானால் கெய்ரோ வரை போக வேண்டும், அப்புறம் அங்கே யாரை உட்கார வைப்பது, அவரைக் காக்க எத்தனை வருடம் படை நிறுத்துவது என்ற கேள்விகளுக்குப் பதில் வேண்டும். யாரிடமும் பதில் இல்லை. படைத் தளபதிகளே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி (வங்கி ஊழியர், சென்னை): அமெரிக்கா பவுண்டை வைத்து மிரட்டியது என்கிறார்களே, அது எப்படி வேலை செய்தது?

பவுண்டின் விலையை 2.80 டாலர் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். சந்தையில் எல்லோரும் பவுண்டை விற்கத் தொடங்கினால், அந்த விலையைக் காப்பாற்ற பிரிட்டன் தன் கையிருப்பு டாலரைக் கொடுத்துப் பவுண்டை வாங்க வேண்டும். கையிருப்பு 200 கோடி டாலருக்குக் கீழே போனால் ஆபத்து என்பது அன்றைய நம்பிக்கை. நவம்பர் ஒரு மாதத்தில் மட்டும் 27.9 கோடி டாலர் கரைந்தது.

சர்வதேச நிதியமான ஐ.எம்.எஃப்.-இல் கடன் வாங்கலாம் என்று பார்த்தால், அமெரிக்கா தலையசைக்காமல் அங்கே ஒன்றும் நகராது. போர்நிறுத்தம் வரும்வரை கிடையாது என்று வாஷிங்டன் சொன்னது. போர்நிறுத்தம் வந்த பிறகு, படை வெளியேறினால்தான் என்றது. எண்ணெயும் அதே கதை. கால்வாய் அடைபட்டது, ஈராக்கிலிருந்து வந்த குழாயின் பம்பிங் நிலையங்களை சிரியாவில் தகர்த்துவிட்டார்கள். இனி டாலர் கொடுத்து அமெரிக்கக் கண்டத்து எண்ணெயைத்தான் வாங்க வேண்டும். அந்த டாலர்தான் கையில் இல்லை.

பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஹரால்டு மேக்மில்லன் ஜூலையிலிருந்து போருக்குத் துடித்தவர். நவம்பர் 6 காலை அமைச்சரவையில் முதலில் கைவிட்டவரும் அவரே. பிரான்ஸ் அக்டோபரிலேயே ஐ.எம்.எஃப். கடன் வசதியை ஏற்பாடு செய்து வைத்திருந்தது. பிரிட்டன் அதைக்கூடச் செய்யவில்லை. பாராசூட்டையும் கப்பலையும் எண்ணினார்கள், கஜானாவை எண்ணவில்லை. இதை எப்போது படித்தாலும் எனக்கு ஆறுவதில்லை. பையன்களைச் சாக அனுப்புவதற்கு முன்னால் ஒரு கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

நம் ஊரில் வினைவலி, தன்வலி, மாற்றான்வலி என்று எண்ணிவிட்டு நாலாவதாகத் துணைவலியையும் தூக்கிப் பார்க்கச் சொல்வார்கள். ஈடன் கோட்டை விட்டது அந்த நாலாவதில். அமெரிக்க அதிபர் ஐசனோவர் முணுமுணுப்பார், ஆனால் தடுக்கமாட்டார் என்று நம்பினார். நவம்பர் 6 அமெரிக்க அதிபர் தேர்தல். இரண்டு நாள் முன்னால்தான் சோவியத் டாங்குகள் ஹங்கேரியின் கிளர்ச்சியை ஒடுக்க அதன் தலைநகர் புடாபெஸ்டுக்குள் புகுந்திருந்தன. அதைக் கண்டிக்க வேண்டிய நேரத்தில் சொந்தக் கூட்டாளிகளே இன்னொரு நாட்டில் குண்டு போட்டுக்கொண்டிருந்தால் ஐசனோவருக்கு எப்படி இருந்திருக்கும்?

கேள்வி (மதுரை): சோவியத் பிரதமர் புல்கானின் ராக்கெட் விடுவதாக மிரட்டியதால்தான் நின்றார்கள் என்று எங்கள் தாத்தா சொல்வார்.

தாத்தா மட்டுமல்ல, அரபு நாடுகளில் அன்று பலரும் அப்படித்தான் நம்பினார்கள். நவம்பர் 5 அன்று கடிதம் வந்தது உண்மை. ஆனால் மாஸ்கோ அப்போது ஹங்கேரியில் மூழ்கியிருந்தது. லண்டனை நிறுத்தியது வாஷிங்டன்தான் என்பது என் முடிவு. புல்கானின் அதிகம் செலவில்லாமல் பெயரைத் தட்டிக்கொண்டார்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்): இலங்கையும் இந்தியாவும் இதில் என்ன செய்தன?

ஆகஸ்ட் மாதம் லண்டனில் 22 நாடுகள் கூடின. கால்வாயைச் சர்வதேச அமைப்பு நடத்த வேண்டும் என்று 18 நாடுகள் சொல்ல, இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, சோவியத் யூனியன் நாலும் ஒப்பவில்லை. எகிப்தின் உரிமையை ஏற்றுக்கொண்டு, மற்ற நாடுகளுக்கு ஆலோசனைப் பங்கு மட்டும் தரும் திட்டத்தை வி.கே. கிருஷ்ண மேனன் வைத்தார். கடைசியில் நடந்தது ஏறத்தாழ அதுதான். உங்கள் பக்கத்தில், அடுத்த ஆண்டே திருகோணமலை, கட்டுநாயக்க தளங்களை பிரிட்டன் இலங்கையிடம் ஒப்படைத்தது.

நேருவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சூயஸில் உடனே குரல் கொடுத்தவர், ஹங்கேரிக்குத் தயங்கினார். அங்கே சுதந்திரத் தேர்தல் கேட்ட ஐ.நா. தீர்மானத்துக்கு எதிராக இந்தியா வாக்களித்தது. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கேள்வி (செவிலியர், திருச்சி): தளபதிகள், அமைச்சர்கள் பற்றியே பேசுகிறீர்கள். சாதாரண ஜனங்கள்?

கேட்டது நியாயம். படையிறங்கியவர்களில் பிரிட்டனுக்கு 16, பிரான்ஸுக்கு 10 என்ற அளவில்தான் உயிரிழப்பு. போர்ட் சையத் நகரத்தில் செத்த எகிப்தியர்கள் நூற்றுக்கணக்கில்.

இன்னொன்று, பலரும் பேசாதது. போர் தொடங்கிய அதே அக்டோபர் 29, இஸ்ரேலுக்குள்ளேயே கஃபர் காசிம் என்ற அரபுக் கிராமம். மாலை 5 மணியிலிருந்து ஊரடங்கு என்று அரை மணி நேரம் முன்னால்தான் ஊர்த் தலைவரிடம் சொன்னார்கள். வயலிலும் குவாரியிலும் இருந்தவர்களுக்கு யார் சொல்வது? வேலை முடிந்து சைக்கிளிலும் வண்டியிலும் வீடு திரும்பியவர்களை ஊர் எல்லையில் நிறுத்தி எல்லைக் காவல் படை சுட்டது. பெண்களும் குழந்தைகளும் சேர்த்து ஐம்பதுக்குச் சற்றுக் குறைவானவர்கள். அவர்கள் இஸ்ரேலின் சொந்தக் குடிமக்கள்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்): அப்படியானால் படைபலத்தால் எதுவுமே சாதிக்க முடியாதா?

அப்படிச் சொல்லமாட்டேன். இஸ்ரேலை எடுத்துக்கொள்ளுங்கள். 1957 மார்ச்சில் சினாயிலிருந்து வெளியேறியது. பதிலுக்கு அதன் தெற்குத் துறைமுகத்துக்குக் கடல் வழியான டிரான் நீரிணை அதன் கப்பல்களுக்குத் திறந்தது, எல்லையில் ஐ.நா. படை வந்தது. கனடா வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சன் யோசனையில் உருவான அந்தப் படையில் இந்திய ஜவான்களும் இருந்தார்கள். பத்து வருடம் தாக்குப்பிடித்தது. 1967 மே மாதம் நாசர் அந்தப் படையைப் போகச் சொல்லி, நீரிணையை மறுபடி மூடினார். ஜூனில் போர். காஸாவில் மாட்டிக்கொண்ட இந்திய வீரர்கள் சிலர் அதில் இறந்தார்கள்.

எதிராளி ஒன்றைச் செய்யாமல் தடுப்பது ஒரு வகை, அவன் ஏற்கெனவே செய்ததைத் திரும்பப் பெறவைப்பது இன்னொரு வகை. இரண்டாவது மிகக் கடினம். அவன் எல்லார் முன்னாலும் தலைகுனிய வேண்டியிருக்கும். ஊர் முழுக்கக் கொண்டாடிய பிறகு நாசர் கால்வாயைத் திருப்பிக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தது எந்தக் கணக்கிலும் சேராது.

கேள்வி (அதே வழக்கறிஞர், சேலம்): கடைசியாக, இழப்பீடு கொடுத்தார்களா?

கொடுத்தார்கள். டிசம்பர் 22-க்குள் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் கிளம்பின. ஈடன் ஜனவரி 9 அன்று பதவி விலகினார். ஐ.நா. ஏற்பாட்டில் மூழ்கிய கப்பல்களை எடுத்து ஏப்ரலில் கால்வாய் திறந்தது. 1958 ஒப்பந்தப்படி 2.83 கோடி எகிப்திய பவுண்டு இழப்பீடு. தவணை தவறாமல் கட்டி முடித்தார்கள். நாட்டுடைமை ஆக்காமலே இருந்திருந்தாலும், 99 வருடக் குத்தகை 1968-இல் முடிந்து கால்வாய் எகிப்துக்குத்தான் வந்திருக்கும்.