மனையை விற்று அனிமேஷன் ஸ்டூடியோ தொடங்கலாமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருந்தபடி வெளியூர் கம்பெனிகளுக்கு அனிமேஷன் செய்து தருகிறேன். நான்கு பேரைச் சேர்த்து ஸ்டூடியோ தொடங்க ஆசை. அப்பா 2005-இல் 4 லட்சத்துக்கு வாங்கி எனக்கு எழுதிவைத்த காலி மனையை 40 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். விற்றால் வரி எவ்வளவு? ஃப்ளாட் வாங்கினால் வரியே இல்லை என்கிறார் சித்தப்பா.

பதில்: முதலில் கணக்கு. அப்பா கொடுத்த விலையே உங்களுக்கும் அடக்க விலை. லாபம் 36 லட்சம். 2024 ஜூலை 23-க்குப் பிறகு நடக்கும் விற்பனைக்கு 12.5% வரி, அந்த வரியின்மேல் 4% செஸ் என்ற கூடுதல் வரி, மொத்தம் 4.68 லட்சம். பணவீக்கத்தைக் கணக்கில் சேர்த்து 20% கட்டும் வழியும் பழைய மனைகளுக்கு உண்டு. உங்களுக்கு அதில் 5 லட்சத்தைத் தாண்டும், வேண்டாம்.

சித்தப்பா சொல்வது சரிதான். ஆனால் லாபத்தை மட்டும் போட்டால் போதாது. விற்ற 40 லட்சம் முழுவதையும் வீட்டில் போட்டால்தான் முழு விலக்கு. அந்த வீட்டை மூன்று வருடம் விற்கவும் கூடாது. அப்புறம் ஸ்டூடியோவுக்கு என்ன மிஞ்சும்? 4.68 லட்சத்தைக் காப்பாற்ற 40 லட்சத்தை முடக்காதீர்கள்.

இந்தச் சட்டத்தில் எனக்கு உள்ள வருத்தமும் இதுதான். உங்களைப் போன்றவர்களின் தொழிலில் மூலதனம் என்பது ஆட்களின் திறமையும் அவர்கள் கையில் இருக்கும் கருவிகளும். வரிச்சலுகையோ வீட்டுக்குப் போகிறது. பணமெல்லாம் ஃப்ளாட்டைத் தேடிப் போனால் நம் சேலத்தின் ஐந்து ரோட்டிலும் சொர்ணபுரியிலும் விலையும் வாடகையும் ஏறும். அதைச் சுமப்பது உங்களிடம் வேலைக்கு வரும் பிள்ளைகள். நிலத்துக்கு வரி போட்டால் நிலம் குறையாது. தொழிலில் போடும் பணத்துக்கு வரி போட்டால் அந்த முதலீடு குறையும், திறமைசாலிகள் பெங்களூருக்கு ரயில் ஏறுவார்கள். வீட்டையோ மனையையோ விற்றுத் தகுதியுள்ள ஸ்டார்ட்அப் கம்பெனியில் போட்டால் விலக்கு என்று ஒரு பிரிவு இருந்தது. 2022 மார்ச் 31-உடன் அது முடிந்துபோனது. அது திரும்ப வர வேண்டும். டி.ஆர். சுந்தரம் 1930-களில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவை இங்கே நிறுவியதால்தான் கலைஞர்கள் சேலத்தைத் தேடி வந்தார்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? என்னைக் கேட்டால், மனையை விற்க அவசரப்பட வேண்டாம். இடத்தை வாடகைக்கு எடுங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் நீட்ஸ் (NEEDS) என்ற தமிழக அரசுத் திட்டம் பற்றிக் கேளுங்கள்: உரிய கல்வித் தகுதி இருக்கும் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் திட்டச் செலவில் 25% மானியம், வட்டியில் 3% சலுகை. திட்டச் செலவு குறைந்தது 10 லட்சம் இருக்க வேண்டும். மீதிக்கு மனையை அடமானமாகக் காட்டிக் கடன் வாங்கலாம். அந்த வட்டி தொழில் செலவில் கழியும். கம்ப்யூட்டருக்கும் மென்பொருளுக்கும் வருடத்துக்கு 40% தேய்மானம் உண்டு, அதாவது அவற்றின் மதிப்பில் அவ்வளவை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதிதான், அதனால் செப்டம்பருக்குள் வாங்கிவிடுங்கள்.

விற்பது என்றே முடிவானால், அட்வான்ஸ் வாங்கும் முன் அப்பாவின் 2005 கிரயப் பத்திரத்தை ஆடிட்டரிடம் காட்டுங்கள். விற்றபின் வரும் அடுத்த முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) தவணையிலேயே வரியைக் கட்டிவிடுங்கள். தள்ளிப்போட்டால் வட்டி சேரலாம்.