அந்தப் பக்கம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

உங்கள் கட்டுரைகளை ஆறேழு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்குச் சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, மனைவிக்குக் கிண்டியில். வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் அம்மாவையும் அழைத்து வந்துவிட எண்ணம். அதற்காகப் புறநகரில் ஒரு ஃபிளாட் பார்க்கிறேன். எழுபது லட்சத்தைத் தாண்ட முடியாது.

கூடுவாஞ்சேரி, பெரும்பாக்கம், திருநின்றவூர் மூன்றுக்கும் பள்ளி, மருத்துவமனை, தண்ணீர், மெட்ரோ, பாதுகாப்பு என்று பதினெட்டுத் தலைப்புகளில் எக்செலில் மதிப்பெண் போட்டேன். பெரும்பாக்கம் முதலில் வந்தது. ஆனால் பக்கத்திலேயே குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு இருக்கிறது, குடும்பத்தோடு இருக்க ஏற்ற இடமில்லை, அந்தப் பக்கம் போகாதே என்கிறார்கள் நண்பர்கள். நாங்கள் பார்த்த வளாகத்துக்குப் பன்னிரண்டடி மதிலும் கேமராவும் உண்டு. பூங்காவும் நீச்சல் குளமும் உள்ளேயே இருப்பதால் பயப்பட வேண்டாம் என்கிறார் விற்பவர். நான் ஊரில் வளர்ந்த மாதிரி என் மகளும் வளர வேண்டும் என்று ஆசை. குடும்பத்துக்கு ஏற்ற புறநகர் எது? புறநகரிலேயே வாழ்ந்தவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன்.

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

கடிதம் வந்த நேரத்தைப் பார்த்தேன். இரவு ஒன்றே கால். முதலில் நேரத்தோடு தூங்குங்கள் தம்பி. வீடு எங்கும் ஓடிப்போகாது. விலை ஏறும், ஏறட்டும். பாதி ராத்திரியில் கணக்குப் போட்டு வாங்கிய வீட்டில் பாதிப் பேருக்குத் தூக்கம் வருவதில்லை.

வீடு, மனை பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அதற்கென்று யூடியூபில் பலர் இருக்கிறார்கள். உங்களுக்கு எழுதுவது அந்தக் கடைசி வரிகளுக்காக. பன்னிரண்டடி மதில் என்கிறீர்கள். அடுத்த மூச்சில் 'நான் வளர்ந்த மாதிரி' என்கிறீர்கள். கும்பகோணத்துப் பக்கம் வாய்க்காலில் குதித்து, மதகில் உட்கார்ந்து, யார் வீட்டுத் திண்ணையிலோ தூங்கிப்போன பையன்தானே நீங்கள்? உங்களைச் சுற்றி யார் மதில் கட்டினார்கள்?

கொஞ்ச நாளாகவே இது என் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. சேலையூர்ப் பக்கம் எங்கள் தெருவில் மாலை ஐந்து மணிக்குக் குழந்தைகளே இல்லை. வீடுகளில் இருக்கிறார்கள், தெருவில் இல்லை. பள்ளி வேன் வருகிறது, இறங்குகிறார்கள், கேட் மூடுகிறது. பிறகு அவர்களைக் காரின் பின் இருக்கையில்தான் பார்க்க முடிகிறது, அபாகஸ் வகுப்புக்குப் போகும்போது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். திருநின்றவூர் பட்டியலில் எப்படி வந்தது என்றே புரியவில்லை. விலை குறைவு என்பதாலா? அங்கிருந்து சோழிங்கநல்லூருக்குத் தினமும் போய் வந்தால் உங்கள் மகள் உங்களை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்ப்பாள். அந்த ஊர்க்காரர் பூசலார் நாயனார், சிவனுக்குக் கோயில் கட்டக் காசு கிடைக்காமல் மனதிலேயே அஸ்திவாரம் தோண்டி, மதில் எழுப்பி, கிணறும் குளமும் வெட்டி முடித்தார். நீங்கள் எக்செலில் கட்டியிருப்பதும் அந்த வகைதான். என்ன, அவருக்குக் குடிவரச் சிவன் தயாராக இருந்தார்.

கூடுவாஞ்சேரி என்றால் உங்கள் மனைவிக்கு நல்லது, மின்சார ரயிலில் ஏறினால் நேராகக் கிண்டி. உங்களுக்கு வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை. யார் வசதியைப் பார்ப்பது என்று வீட்டில் பேசினீர்களா, இல்லை எக்செல் அதையும் பேசிவிட்டதா?

பள்ளி எங்கும் இருக்கிறது, ஆறு வயதுக் குழந்தைக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? மெட்ரோவை நம்பி வாங்காதீர்கள். மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் திட்டமிட்டிருக்கிறார்கள், அது வரும்போது ஏறிக்கொள்ளலாம். தண்ணீரை மட்டும் எக்செலை நம்பி விடாதீர்கள். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூரில் படகு ஓடியது. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர். அந்தச் சதுப்புக்கு 2022-ல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இடம் வாங்கிக் கொடுத்தோம், கட்டடம் கட்டுவதை நிறுத்தினோமா? தரைத்தளம் வேண்டவே வேண்டாம். ஐப்பசியில் ஒரு பெருமழைக்கு மறுநாள் போய், தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். விற்பவரைவிட அவருக்குத் தெரியும். பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் வக்கீலிடம் காட்டுங்கள், என்னிடம் அல்ல.

சரி, இப்போது திட்ட வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

'குடும்பத்தோடு இருக்க ஏற்ற இடமில்லை.' பெரும்பாக்கம் போர்டு குடியிருப்பில் இருப்பவை 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அவற்றில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தீர்கள்? அடையாறு, கூவம், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளில் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருந்தவர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். நீங்கள் மூன்று ஊரை ஒப்பிட்டு ஆராய்கிறீர்கள். அவர்களுக்கு ஒரு ஊர்தான், அதுவும் லாரி ஏறும்போதுதான் தெரியும். பள்ளி ஆண்டின் நடுவில் குழந்தைகளின் புத்தகப்பையோடு கிளம்பியவர்கள் எத்தனை பேர்! நகரத்தில் வீட்டுவேலை பார்த்த பெண்களுக்கு அந்த வேலைக்குப் போய்வர அரை நாள் பஸ்ஸிலேயே போகிறது. லிஃப்ட் நின்றால் ஏழு மாடி ஏற வேண்டும், தண்ணீர்க் குடத்தோடு. முகவரியில் பெரும்பாக்கம் என்றோ, இதே மாதிரி இன்னொரு வாரியக் குடியிருப்பான கண்ணகி நகர் என்றோ இருந்தால் வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள் என்று அந்தப் பிள்ளைகள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் நண்பர்கள் யாராவது இன்டர்வியூ எடுக்கும் இடத்தில் இருக்கிறார்களா? 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வாங்கிய அணியில் இருந்த கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். அன்றைக்கு மட்டும் நம்ம சென்னைப் பொண்ணு!

அங்கே சிக்கலே இல்லை என்று சொல்லவில்லை. கஞ்சா உண்டு, அடிதடி உண்டு. ஏழைகளை மட்டும் பொறுக்கியெடுத்து வேலையில்லாத இடத்தில் அடுக்கினால் வேறென்ன வரும்? மற்ற ஊர்களில் இதெல்லாம் இல்லையா, கதவு சாத்தியிருப்பதால் தெரிவதில்லையா என்று மட்டும் யோசியுங்கள். உங்கள் ஃபிளாட்டுக்குக் குடிபோன மறுவாரம் பாத்திரம் தேய்க்க யார் வருவார்கள்? அந்தப் பக்கத்திலிருந்துதான் வருவார்கள். அப்போது கேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுவீர்கள்.

கோபம் வந்துவிட்டது. உங்கள் மேல் மட்டும் இல்லை. இந்த 'அந்தப் பக்கம்' எனக்குப் பழைய வார்த்தை.

நான் வளர்ந்தது எழுபதுகளின் குரோம்பேட்டையில். அப்பாவுக்குப் பாரிமுனையில் வேலை. வாடகை குறைவு, 1931-லிருந்தே ஓடும் தாம்பரம்–பீச் மின்சார ரயில், இந்த இரண்டைத் தவிர அவர் வேறு எதையும் பார்த்து அந்த ஊருக்கு வந்ததாகத் தெரியவில்லை. வாடகை ஏன் குறைவு என்பது நாகல்கேணியிலிருந்து காற்று அடிக்கும்போது தெரியும். தோல் ஷாப் வாடை, அதாவது தோல் பதனிடும் இடங்களின் வாடை. துவைத்துக் காயப்போட்ட துணியில் ஏறும், சோற்றில் ஏறும். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. உங்கள் எக்செலில் போட்டால் அந்த ஊர் பாஸாகாது.

என் வேலை மாவு மில். கோதுமை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் போவேன், ஒன்பது பத்து வயதிலிருந்து. மில் இருந்தது தோல் ஷாப் ஆட்கள் குடியிருந்த தெருவின் முனையில். மாம்பலத்துப் பெரியம்மா வரும்போதெல்லாம் அம்மாவைக் கடிந்துகொள்வார், "பொம்பளப் பிள்ளையை அந்தப் பக்கம் தனியா அனுப்புறியே". அம்மாவிடம் பெரிய கொள்கையெல்லாம் கிடையாது. "நான் அடுப்பை விட்டுட்டுப் போக முடியுமா, மாவு எப்படி வரும்?" என்பார், அவ்வளவுதான்.

மில்லில் ஒரே ஒரு மெஷின். முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருந்தால் அடுத்து விழும் மாவு காரமேறி வீணாகும். அதனால் மிளகாய்க்குப் பின்னால் யார் போடுவது என்று அங்கே தினமும் ஒரு பஞ்சாயத்து. சின்னப் பெண் என்று என் டப்பாவை அங்கே தள்ளிவிடப் பார்ப்பார்கள். தோல் ஷாப்பில் வேலை செய்யும் ஒரு அம்மா வருவார். நகக்கண் எல்லாம் பழுப்பேறியிருக்கும், என்ன தேய்த்தாலும் போகாது போல. என்னைப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டுத் தன் கேழ்வரகை முதலில் கொட்டுவார். "எங்க வூட்ல காரம் தின்னுவாங்க, அப்பால நீ போடு" என்பார். எத்தனையோ முறை. நான் ஒரு முறைகூட நன்றி சொன்னதாக நினைவில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது. சொல்லப்போனால் அவர் முகம்கூட இப்போது தெளிவாக இல்லை, அந்த விரல்கள்தான் இருக்கின்றன. எங்கள் அம்மா அவரைப் பார்த்ததே கிடையாது. ஆனால் மாவு நன்றாக இருந்தால் "இன்னிக்கு உன் மில்லு அம்மா வந்தாங்களா?" என்று கேட்பார்.

இது நடப்பதற்கு ஒரு குழந்தை தனியாகத் தெருவில் போக வேண்டும், போவதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும், வழியில் தன் வீட்டு ஆட்கள் அல்லாத மனிதர்கள் இருக்க வேண்டும். உங்கள் பதினெட்டுத் தலைப்புகளில் இவற்றில் எதுவாவது உண்டா? மதிலுக்குள் உங்கள் மகளுக்குக் கிடைக்கப் போவது அவள் அப்பாவைப் போலவே கடன் வாங்கிய, அதே சம்பளம் வாங்குகிற அப்பாக்களின் பிள்ளைகள். பாவம், அவர்களும் நல்ல குழந்தைகள்தான். ஆனால் பத்து வயதில் அவளைக் கடைக்கு அனுப்ப நீங்கள் பயப்படுவீர்கள், ஏனென்றால் மதிலுக்கு வெளியே ஒரு முகமும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

அந்த மதிலைப் பற்றி இன்னும் ஒன்று. இதை விடமாட்டேன். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகப் பொதுவுக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். உள்ளாட்சிக்குச் சொந்தமான நிலம் அது, ஊரே உள்ளே வரலாம். நீங்கள் பார்த்த வளாகம் அவ்வளவு பெரியது என்றால், 'உள்ளேயே பூங்கா' என்று காட்டினாரே, அது எந்த நிலம்? தானமாகக் கொடுத்ததா, தனியாக விட்டதா? அனுமதி பெற்ற வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஓ.எஸ்.ஆர். என்ற மூன்று எழுத்தைச் சொல்லிவிட்டு விற்பவரின் முகத்தைப் பாருங்கள். தானமாகக் கொடுத்த நிலம் என்றால், போர்டு வீட்டுப் பிள்ளைக்கும் அந்த ஊஞ்சலில் உங்கள் மகளுக்குள்ள அதே உரிமை உண்டு, மதிலைப் போட்டு அதை அடைக்க யாருக்கும் அதிகாரமில்லை. எங்கள் மனைப்பிரிவிலும் அப்படி ஒரு பூங்கா இருக்கிறது. நலச்சங்கம் அதற்குப் பூட்டுப் போட்டு, 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை வைத்தது. உள்ளே என் வயதுக்காரர்கள் சர்க்கரை குறைய வட்டமடிக்கிறார்கள். நான் கேள்வி கேட்டதால் சங்கத்தின் வாட்ஸப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நிம்மதியாக இருக்கிறது.

பெரும்பாக்கம் போங்கள், போகாதீர்கள், அது உங்கள் விருப்பம். பார்க்கப் போகும்போது ஒரு வாரநாள் மாலையில் போங்கள், காரை எங்காவது நிறுத்திவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு நடந்து போங்கள். பால் வாங்க, பென்சில் வாங்க அவள் எங்கே போவாள், எந்தச் சாலையைத் தாண்டுவாள், அங்கே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கடைக்காரரிடம் பேச வேண்டியது அவள், நீங்கள் இல்லை.

அப்புறம், கடிதத்தை மூன்று தடவை வாசித்துவிட்டேன். உங்கள் அம்மா கிராமத்தை விட்டு வரச் சம்மதித்தாரா என்று அதில் எங்கும் இல்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள்.