ஜம்பிங் கேசிலும் திடீர்க் காத்தும்: உங்க சிமுலேஷன் கேள்விகள்

ஜம்பிங் கேசில் (குழந்தைங்க குதிக்கற, காத்தடைச்ச கோட்டை) மாடல கம்ப்யூட்டர்ல மணிக்கு 36 கிமீ சராசரி காத்துக்கு ரன் பண்ணேன், கேசில் அசையல. இது போதும்ல?

போதாதுங்க. காத்தோட அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 36ல வெறும் 61 பாஸ்கல், அதுவே ஒரு மூணு செகண்ட் 72க்கு எகிறுச்சுன்னா 245. சால்வர (கணக்குப் போடற சாஃப்ட்வேர) மூடி வச்சுட்டு கையால போட்டுப் பாருங்க: 5க்கு 5 மீட்டர், உயரம் 3, எடை 150 கிலோ. 72ல முன்பக்கம் 15 சதுர மீட்டர், டிராக் எண் (காத்து எவ்வளவு தள்ளும்ங்கற அளவு) 1.2ன்னு வச்சா 4,400 நியூட்டன், அது பாதி உயரத்துல தள்ளுதுன்னா கவுக்கற மொமென்ட் 6,600 நியூட்டன் மீட்டர், எடை எதிர்த்து நிக்கறதோ 3,700 கூட இல்ல. மேல தூக்கற லிஃப்ட இன்னும் சேக்கவே இல்ல. ஐரோப்பிய ஸ்டாண்டர்டு ஈஎன் 14960 மணிக்கு 38 கிமீயோட நிறுத்திக்கன்னு சொல்றது சும்மா இல்ல.

உள்ள இருக்கற காத்தோட எடையும் சேக்கணுமா?

மேல சொன்ன சைஸ் முழுக்க காத்துன்னு வச்சா அது சுமார் 90 கிலோ. இனர்ஷியாவுல (அசைவை எதிர்க்கற தன்மையில) சேத்துக்கங்க, எடையில சேக்காதீங்க, வெளிக்காத்தோட மிதப்பு அதை அடிச்சுடும். நிறைய பேர் இங்கதான் தடுக்கி விழறாங்க, எடையில சேத்துட்டா டிசைன் சேஃப்னு பொய்யா காட்டும்.

டூ-வே கப்ளிங் (காத்து கணக்கும் துணி கணக்கும் ஒண்ணையொண்ணு பாதிக்கற மாதிரி) போட்டா சால்வர் வெடிக்குது (எண்கள் தாறுமாறா ஏறுது), டைம் ஸ்டெப்ப (ஒவ்வொரு கணக்குக்கும் நடுவுல இருக்கற நேரத்த) குறைச்சா இன்னும் மோசம்!

நானும் ஒரு வாரம் ஸ்டெப்ப பாதி பாதியா வெட்டிட்டு உக்காந்திருந்தவன்தான். இது ஆடட் மாஸ் (துணியோட சேந்து நகர்ற காத்தோட எடை) பிரச்சனை. ஒரு சதுர மீட்டர் துணி அரை கிலோ சொச்சம், அதை ஒட்டின அரை மீட்டர் காத்தும் அதே எடை, அதனால துணி நகந்தா காத்து திருப்பித் தள்ளுது, ஸ்டெப்புக்கு ஒரு தடவை மட்டும் தகவல் மாத்திக்கிட்டா தப்பு பெருகிட்டே போகும். ஒவ்வொரு ஸ்டெப்புக்குள்ளயும் ரெண்டு சால்வரும் ஒத்துப்போற வரைக்கும் சுத்த விடுங்க, எய்ட்கென் ரிலாக்சேஷன் (ஒவ்வொரு சுத்துலயும் திருத்தத்த அளவா சேக்கற முறை) போடுங்க. காத்துக்கு ஓப்பன்ஃபோம், துணிக்கு கால்குலிக்ஸ் வச்சிருந்தா, ரெண்டையும் இணைக்கற ப்ரீசைஸ் சாஃப்ட்வேர் இதையெல்லாம் பாத்துக்கும்.

துணிக்கு ஷெல் எலிமென்ட் (வளைவ எதிர்க்கற மெல்லிய தகடு மாதிரி) ஓகேவா?

மெம்பரேன் (இழுவைய மட்டும் தாங்கற மெல்லிய படலம்) போடுங்க, சுருக்கம் விழற மாடலோட. துணி அமுக்கத்த தாங்காது. முதல்ல ஊதி நிக்க வச்சு அப்புறம் காத்த விடுங்க.

உள் அழுத்தம் ஒரே அளவுன்னு வச்சுக்கலாமா?

புளோயர் (காத்தூதற மெஷின்) ஓடிட்டே இருந்தா அதோட ஃபேன் கர்வ் (எந்த அழுத்தத்துல எவ்வளவு காத்து தரும்ங்கற வரைபடம்) குடுங்க, வெளிக்காத்து அமுக்கும்போது உள்காத்து புளோயர் வழியா திரும்பி வரும். சீல் பண்ணதுன்னா பாயில் விதி (அழுத்தமும் கனஅளவும் பெருக்கினா மாறாது), ஆனா அப்சல்யூட் பிரஷர்ல (வளிமண்டல அழுத்தத்தையும் சேத்து) போடணும், அத விட்டுட்டு கேஜ் பிரஷர்ல போட்டா குப்பை.

ரிசல்ட்ல எதப் பாக்கணும்?

கலர் படத்த விடுங்க, ஒவ்வொரு ஆங்கரோட (கேசில தரையோட கட்டற முளை) விசையும் நேரத்தோட எப்படி ஏறுதுன்னு பாருங்க. கயிறு தளர்ந்து திரும்ப வெடுக்குன்னு இழுக்கற நொடிதான் உச்சம், ஈஎன் 14960 ஒவ்வொரு ஆங்கரும் 1,600 நியூட்டன் தாங்கணும்னு கேக்குது. அப்புறம் ஒரு ஆங்கர அழிச்சுட்டு மறுபடி ஓட்டுங்க, பக்கத்து ஆங்கர் என்ன பாடு படுதுன்னு தெரியும். 2021 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியா டெவன்போர்ட்ல ஜம்பிங் கேசில தூக்கி 6 குழந்தைங்க உயிர எடுத்தது ஒரு சுழல்காத்து, அதனால காத்த கிடையா மட்டும் விடாம மேல் நோக்கியும் சுழலாவும் ஒரு கேஸ் ஓட்டிடுங்க.