மைலோமா: ஸ்டெம் செல் போதுமான அளவு சேராதபோது – கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து: டொக்டர், அப்பாவுக்கு மைலோமா, அதாவது எலும்பு மச்சையில் வரும் குருதிப் புற்றுநோய். எடை 60 கிலோ. ஸ்டெம் செல்களை மச்சையிலிருந்து குருதிக்குக் கொண்டுவர நாலு நாள் ஜி-சிஎஸ்எப் ஊசி போட்டு, ஐந்தாம் நாள் இயந்திரத்தில் எடுத்ததில் 9 இலட்சம்தான் வந்தது என்கிறார்கள். இனி அவருடைய செல்களையே திரும்ப ஏற்றும் மாற்றீடு நடக்காதா?

நடக்கலாம். அந்த 9 இலட்சம், உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் கிடைத்த சிடி 34 செல்களின் (ஸ்டெம் செல்களை எண்ண உதவும் அடையாளம் உள்ளவை) கணக்கு. ஒரு மாற்றீட்டுக்கு ஆகக் குறைந்தது கிலோவுக்கு 20 இலட்சம் வேண்டும். 40, 50 இலட்சம் இருந்தால் குருதிச் சிறுதட்டுகள் பிந்தாமல் ஏறும். முதல் நாள் எடுத்தது வீணாகாது, அடுத்த நாட்களில் எடுப்பதோடு கூட்டிக்கொள்வார்கள். செல்களை மச்சையிலிருந்து விடுவிக்கும் பிளெரிக்ஸாபோர் ஊசியை அன்றிரவே போடலாமா என்று உடனே கேளுங்கள்.

அவரே: ஏன் இப்படிக் குறைந்தது? மைலோமா மருந்தான லெனலிடோமைட் எட்டுச் சுற்று எடுத்தவர்.

பெரும்பாலும் அதுதான் காரணம். நாலு முதல் ஆறு சுற்றைத் தாண்டினால் எலும்பு மச்சையிலிருந்து செல்களை வெளியே கொண்டுவருவது கடினமாகும். முன்பு மெல்பலான் மாத்திரை எடுத்திருந்தாலும், இடுப்பெலும்புக்குக் கதிர் சிகிச்சை பெற்றிருந்தாலும் இதே சிக்கல் வரும். டராடுமுமாப் என்ற மைலோமா மருந்து கொஞ்சம் குறைக்கும், ஆனால் சேகரிப்பைத் தடுக்கிற அளவுக்கு அல்ல. மாற்றீடு செய்யக்கூடிய வயதும் உடல்நிலையும் உள்ளவருக்கு, சிகிச்சை தொடங்கும் நாளிலேயே சேகரிப்புக்கும் திகதி பேசிவைக்க வேண்டும். லெனலிடோமைட்டைச் சேகரிப்புக்கு இரண்டு முதல் நாலு வாரத்துக்கு முன் நிறுத்துவது வழக்கம். இந்தப் பேச்சைப் பிந்தவிடுவதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது.

கொட்டாஞ்சேனை: பிளெரிக்ஸாபோர் விலை கூடியது. எல்லாருக்கும் வேண்டுமா?

வேண்டாம். ஜி-சிஎஸ்எப் தொடங்கிய நாலாம் அல்லது ஐந்தாம் நாள் குருதியில் சிடி 34 எண்ணிப் பார்க்கலாம். ஒரு மைக்ரோலீற்றருக்கு 20க்கு மேல் இருந்தால் தேவையில்லை. 10க்குக் கீழே என்றால் போடாமல் இயந்திரத்தில் ஏற்றுவது பெரும்பாலும் வீண் வேலை. இடையில் இருந்தால், எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதைப் பார்த்து முடிவெடுப்பார்கள். அளவு கிலோவுக்கு 0.24 மி.கி.; 60 கிலோவுக்கு 14.4 மி.கி. ஒரு குப்பியில் 24 மி.கி. இருப்பதால் அவருக்கு ஒன்று போதும். காலை 9 மணிக்குச் சேகரிப்பு என்றால் முதல் நாள் இரவு 10 மணிக்குத் தோலுக்கடியில் போட வேண்டும். மைலோமாவில் சிறுநீரகம் பாதிக்கப்படுவது சாதாரணம்; கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) நிமிடத்துக்கு 50 மி.லீ. அல்லது அதற்குக் கீழே என்றால் அளவு கிலோவுக்கு 0.16 மி.கி. ஆகக் குறையும். வயிற்றோட்டம் வரலாம்.

தெஹிவளை: ஜி-சிஎஸ்எப் ஊசியை வீட்டில் எப்படி வைப்பது? எலும்பு வலிக்கு என்ன கொடுக்கலாம்?

2 முதல் 8 பாகைக்குள் பிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். கதவிலோ ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலோ வேண்டாம். கொண்டுபோகும்போது ஐஸ் பையில் நேரே படாமல் துணி சுற்றுங்கள், குலுக்காதீர்கள். அளவு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், 60 கிலோவுக்கு 300 மைக்ரோகிராம் குப்பி இரண்டு. வலிக்கு பரசிட்டமோல் மட்டும். டைக்ளோபெனாக், இபுப்ரோபென் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இடது மேல்வயிற்றிலோ இடது தோள்பட்டையிலோ வலித்தால் மண்ணீரலாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு.

மஹரகம: இயந்திரத்தில் இருக்கும்போது உதடு விறைக்கிறது என்றார் அம்மா.

குருதி உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கல்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது. விறைப்புத் தொடங்கியதுமே தாதியிடம் சொல்ல வேண்டும். ஓட்டத்தைக் குறைத்து, கல்சியம் குளுக்கோனேற் ஏற்றுவார்கள். நாலைந்து மணி நேரம் பொறுத்துக்கொண்டிருந்தால் தசை இறுகும், இதயத் துடிப்பும் மாறலாம். சிறுதட்டுகளும் இயந்திரத்தில் கொஞ்சம் போய்விடும், ஆகவே முடிந்ததும் எண்ணிக்கை பார்த்த பிறகே கழுத்துக் குழாயைக் கழற்ற வேண்டும்.

வெள்ளவத்தை, மறுபடி: பிளெரிக்ஸாபோரும் பயன்படாவிட்டால்?

சில வாரம் மச்சைக்கு ஓய்வு கொடுத்து, சைக்ளோபொஸ்பமைட் என்ற புற்றுநோய் மருந்தும் ஜி-சிஎஸ்எப்பும் சேர்த்து இரண்டாம் முறை முயலலாம். அதில் செல்கள் வெளிவரப் பத்து நாளளவில் ஆகும். இடையில் வெள்ளணுக்கள் விழும்போது காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரியில் அனுமதிக்க வேண்டும். அதுவும் கைகூடாவிட்டால் மருந்துச் சிகிச்சை தொடரும். மைலோமாவில் மாற்றீடு நோயை அடியோடு ஒழிப்பதில்லை, கட்டுப்பாட்டில் இருக்கும் காலத்தை நீட்டுகிறது. அதே வேலையை இன்றைய கூட்டுமருந்துகளும் கணிசமாகச் செய்கின்றன.