சரிந்த கோயில் சுவரை இடித்துவிடலாமா?

கேள்வி: எங்களுடையது கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில். தோட்டம் கைமாறி, லயங்களும் போய், டவுனுக்கு வந்துவிட்டோம். கும்பிட மட்டும் போகிறோம். போன மாதம் மரம் விழுந்து மாரியம்மன் முன்மண்டபமும் ஒரு சுவரும் சரிந்தன. மொத்தமாக இடித்து, டைல்ஸ் போட்டுக் கட்டிவிடலாம் என்கிறது நிர்வாகம். சரியா?

பதில்: இடிக்காதீர்கள் ஐயா. உங்கள் கையில் இருக்கும் பெரிய சாட்சி அந்தச் சுவர்தான்.

வழிபாட்டுத் தலத்தை அமைப்பதும் பராமரிப்பதும் சமயச் சுதந்திரத்தில் சேர்த்தி என்கிறது ஐ.நா.வின் 1981 பிரகடனம். சமயக் குழுக்கள் சொத்து வைத்துக்கொள்ள நம் மலேசிய அரசியலமைப்பின் 11ஆவது பிரிவும் இடம் தருகிறது. சிக்கல் மண்ணில்தான். 1965 தேசிய நிலச் சட்டப்படி, எத்தனை தலைமுறை கும்பிட்டாலும், நெடுநாள் அனுபவித்து வந்ததைக் காட்டி கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) கேட்க முடியாது. பேசித்தான் வாங்கவேண்டும், பேச, தோட்டம் ஓடிய காலத்திலேயே கோயில் இருந்ததென்று காட்டவேண்டும். இடித்துக் கட்டினால் அதற்கு வயது ஒரு நாள். அனுமதியில்லாத கட்டடம் என்று 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தோடு நகராண்மைக் கழகம் வந்து நிற்கும்.

மிஞ்சியதை வைத்தே திரும்பக் கட்ட முடியும். ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் திம்புக்துவில் 2012இல் தீவிரவாதிகள் இடித்த சமாதிகளை, மிஞ்சிய அடிச்சுவரையும் பழைய படங்களையும் வைத்து உள்ளூர்க் கொத்தனார்களே திரும்பக் கட்டினார்கள்.

முதலில் முட்டுக் கொடுத்துத் தார்ப்பாய் போடுங்கள். எதையும் நகர்த்துமுன், அளவு தெரிய அளக்கும் டேப்பை விரித்துவைத்துப் படமெடுங்கள். நன்கொடை தந்தவர் பெயர் பொறித்த உபயக் கல்லில் ஆண்டு இருக்கும், கங்காணி பெயர் இருக்கும். குப்பை லாரியில் முதலில் ஏறுவதும் அதுதான்! பழைய திருவிழா நோட்டீஸ், கரண்டு பில், கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்) கொடுத்த கடிதம் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். நில அலுவலகத்தில் சாரியான் ராஸ்மி (நிலம் யார் பெயரில் என்று காட்டும் அதிகாரபூர்வப் பதிவு விவரம்) எடுத்து, இன்றைய உரிமையாளரிடம் பழுதுபார்க்கச் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். மேனேஜர் மாறினால் வாய்ப்பேச்சும் அவரோடு போய்விடும். பிறகு நகராண்மைக் கழகத்தில் அனுமதி கேளுங்கள்.

செங்கல் இடுக்கை நகத்தால் கீறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை. அதன்மேல் சிமெண்ட் பூசினால் மழை ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லே பொரிந்து உதிரும். சுண்ணாம்பாலேயே பூசுங்கள்.

வேலை நடக்கும்வரை பூசை நிற்கவேண்டியதில்லை. குருக்களிடம் கேட்டுப் பாலாலயம் (திருப்பணி முடியும்வரை பூசைக்கான தற்காலிகச் சன்னிதி) செய்துகொள்ளுங்கள். கைவிட்ட கோயில் என்று நாளை யாரும் சொல்லாதிருக்க, வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் பெயரை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள்.